கம்பளத்துக்குள் இருந்த நான்காவது துப்பாக்கி

என் சிறிய வாப்பாவின் மகன் கலீலுர் ரஹ்மான் 1966-ஆம் ஆண்டு கீழக்கரையில் பிறந்தார். 1992-இல் மஸ்கட் சென்று, ரூவியில் ஓர் இரும்புச் சாமான் கடையில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தார். 1998-இல் நஜீஹாவை மணந்தார். அடுத்த ஆண்டு மகள் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் பிறந்தாள். 2005-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவருடைய சம்பளம் இருநூற்றுப் பத்து ரியால். ஓர் அறையும் ஒரு ஹாலும் கொண்ட வீட்டுக்கு வாடகை எண்பத்தைந்து ரியால். வீட்டில் இருந்த பழைய துப்பாக்கிகள் நான்கு. நஜீஹாவுக்குத் தெரிந்தவை மூன்று.

பின்வருவனவற்றைக் கணவன் மனைவி இருவரிடமும் தனித்தனியே கேட்டு எழுதினேன். இருவரும் உடனிருந்த இடங்களில் இருவர் சொன்னதும் பொருந்தியதையே சேர்த்திருக்கிறேன். பொருந்தாத இடம் ஒன்று உண்டு. அதை அது வரும்போது சொல்கிறேன்.

கலீல் சிகரெட் பிடிக்காதவர், சீட்டு ஆடாதவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ரூவியிலிருந்து மேடேறி முத்ரா கடைத்தெருவுக்கு நடந்தே போவார். அங்கே ஒரு பலூச்சிக் கிழவர் பழைய வெள்ளி நகை, காபிக் கூஜா, இடுப்புக் கத்தி, வாயில் வெடிமருந்து இடித்துத் திரியால் சுடும் நாட்டுத் துப்பாக்கிகள் ஆகியவற்றை விற்று வந்தார். 2001 நவம்பரில் கலீல் முதன்முதலாக வாங்கியது கட்டை இல்லாத வெறும் குழல். விலை ஆறு ரியால். கட்டையை இன்னொன்றிலிருந்தும் விசையை மற்றொன்றிலிருந்தும் எடுத்துச் சேர்த்தார். உடைந்த மூன்றைக் கொண்டு முழுதாக ஒன்று செய்வது அவர் முறை. முழுதான ஒன்றை விற்று, அதைவிட நல்ல உடைசல் இரண்டை வாங்குவதும் உண்டு. உப்புத்தாளும் ஆளிவிதை எண்ணெயும் அவருடைய கடையில் அடக்கவிலைக்குக் கிடைத்தன.

இந்தப் பொழுதுபோக்குக்கு வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. கடையிலிருந்து வரும் பணம் எதுவானாலும் வீட்டுப் பணம். அதில் ஒரு பைசாவையும் துப்பாக்கிக்குத் தொடக்கூடாது. வெள்ளிக்கிழமை காலைகளில் அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளில் ஒழுகும் குழாய்களைச் சரிசெய்து, வீட்டுக்கு அரை ரியால் வீதம் அவர் ஈட்டியது மட்டுமே துப்பாக்கிப் பணம். அது ஒரு பால்மாவு டின்னில் கிடந்தது. நஜீஹா அந்த டின்னைத் தொட்டதில்லை. வீட்டுப் பணத்தைக் கலீலும் தொட்டதில்லை, ஒரு முறை தவிர.

மூன்று துப்பாக்கிகளும் ஹாலின் சுவரில் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றையும் வாங்கிய அன்றே அவர் ஓர் அளவு எடுப்பார். நீண்ட கம்பி ஒன்றைக் குழலின் வாய் வழியே அடிவரை விட்டு அடையாளம் இடுவார். பிறகு அதே கம்பியைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்ப்பார். இரண்டு நீளமும் ஒன்றானால் உள்ளே பழைய மருந்து எதுவும் இல்லை என்று பொருள். அதன் பின்னரே ஆணி அடிப்பார்.

“மத்த வூட்டுச் செவுத்துல எல்லாம் காபா படம் மாட்டிருக்காஹ. நம்ம வூட்டுக்கு வந்தா சண்டைக்குக் கூப்புட்ட மாதிரி இருக்கு” என்பார் நஜீஹா.

“இந்த வேலைப்பாட்டப் பாரு புள்ள. ஒரு ஸ்குரூ கெடையாது. எவன் செஞ்சானோ.”

“நம்ம குளியலறைக் குழாயும் ஒரு வாரமா ஒழுகுது. அதையும் யாராவது செஞ்சா நல்லாருக்கும்.”

2003 ஏப்ரலில் பலூச்சிக் கிழவர் ஐந்தடி நீளத் துப்பாக்கி ஒன்றை எடுத்து வைத்தார். குழலில் ஏழு வெள்ளி வளையங்கள் இருந்தன. ஒரு துண்டும் மாற்றப்படவில்லை. தொண்ணூறு சொல்லி எழுபதுக்கு இறங்கினார். டின்னில் பதினொரு ரியால்தான் இருந்தது. அந்த வாரம் கடை முதலாளி எல்லோருக்கும் போனஸ் கொடுத்திருந்தார். கலீலின் பங்கு அறுபது. அதைப் பற்றி அவர் வீட்டில் சொல்லவில்லை.

வாங்கிய பிறகே அதை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. அறையில் மர அலமாரிக்குப் பின்னால், கீழக்கரையில் இருக்கும் மாமியாருக்காக நஜீஹா தன் சீட்டுப் பணத்தில் வாங்கிய சிவப்புக் கம்பளம் சுருட்டிய நிலையில் நின்றிருந்தது. ஆறடி உயரம், பிளாஸ்டிக் உறை, இருபுறமும் கயிறு. ஒரு பகல் நஜீஹா மகளோடு மருத்துவமனைக்குப் போயிருந்த நேரத்தில், கலீல் துப்பாக்கியைக் கம்பளத்தின் நடுவில் வைத்துச் சுருட்டி, முன்பிருந்தது போலவே கட்டினார். மனைவி திரும்பிவிடுவார் என்ற அச்சத்தில் கம்பியால் அளந்து பார்க்கவில்லை. அதன்பின் அதை ஒரு முறையும் வெளியே எடுக்கவில்லை. ஊருக்குப் போகும் ஒவ்வொருவரிடமும் கம்பளத்தைக் கொடுத்தனுப்பச் சொல்லி நஜீஹா கேட்டபோதெல்லாம் ஒரு காரணம் சொன்னார். அவருக்கு எடை மிச்சமில்லை. இவர் பம்பாய் வழியாகப் போகிறார். பூச்சி இருக்கும்போல, வெயில் காட்ட வேண்டும். அவருடைய வாழ்க்கையில் இத்தனை பொய்களை அவர் வேறு எதற்கும் சொன்னதில்லை என்பது அவரே சொன்னது.

கடைக் கோடவுனில் சுமை தூக்கும் வேலை பார்த்த பழனிச்சாமி பரமக்குடிப் பக்கத்துக்காரர். 1994 ஜனவரியில் வந்தவர். 2005 மார்ச்சில் விசாவைக் கேன்சல் செய்துகொண்டு ஒரேயடியாக ஊர் திரும்ப முடிவு செய்தார். இப்படிப் போகிறவரின் பாஸ்போர்ட்டில் கப்பல் கார்கோ போடுவது அங்கே வழக்கம். பெட்டிகள் அவர் பெயரிலேயே தூத்துக்குடிக்குப் போகும். அவரே பாஸ்போர்ட்டோடு கஸ்டம்ஸில் நின்று எடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் எல்லோரும் தங்கள் பொருளில் ஒன்றிரண்டை அதில் சேர்த்துவிடுவார்கள். யாரும் திறந்து பார்ப்பதில்லை. திறந்து பார்ப்பது அவமதிப்பு என்றே கருதப்பட்டது.

மார்ச் 16, புதன்கிழமை. மதியம் ஒரு மணிக்குக் கடையை அடைத்தார்கள். மறுபடி நாலு மணிக்குத்தான் திறப்பு. கலீல் சாப்பிட வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டப் போனவர், அலமாரிக்குப் பின்னால் வெறும் சுவரைக் கண்டார்.

“நஜீஹா, இங்கெ இருந்த கம்பளம் எங்கே?”

“நேத்தே போயாச்சு” என்றார் அவர் அடுப்படியிலிருந்து. “பழனிச்சாமி கார்கோ வேனு கீழ வந்துச்சு. ரெண்டு வருசமா ஒங்களுக்கு நேரமே இல்ல, சரி நாமளே ஏத்தி வுட்ருவோம்னு குடுத்துட்டேன். பரமக்குடிலேருந்து எங்க கூடப்பொறந்த காக்கா போயி எடுத்துக்குவாஹ. என்னா கனம் தெரியுமா மச்சான்? பத்தொம்பது கிலோ காட்டுச்சு.”

கலீல் உட்கார்ந்தார். தட்டில் சோறு வந்தது. மீன் வந்தது. அவர் கை தட்டுக்குப் போகவில்லை.

“என்னா, சாப்புடாம இருக்கீஹ?”

“அதுல பூச்சி இருந்துச்சு. திரும்ப எடுக்கணும்.”

“பூச்சி பூச்சின்னு இது மூணாவது தடவ. ஒங்க உம்மா வூட்டுல வெயிலு இல்லையா?”

பொருந்தாத இடம் இதுதான். கலீல் தாமாகவே உண்மையைச் சொன்னதாகச் சொல்கிறார். அவர் முகத்தைப் பார்த்துத் தாம் மூன்று முறை கேட்ட பிறகே சொன்னதாக நஜீஹா சொல்கிறார். எப்படியாயினும், சொல்லி முடித்ததும் நஜீஹா விலையைக் கேட்கவில்லை; போனஸைப் பற்றிக் கேட்கவில்லை. “பழனிச்சாமிக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றார் கலீல்.

“புடிச்சா யாரெப் புடிப்பாஹ?”

பதில் இருவருக்கும் தெரிந்ததே. பெட்டி யார் பாஸ்போர்ட்டில் போகிறதோ அவரை. மஸ்கட் துறைமுகத்தில் கண்டுபிடித்தால் பழனிச்சாமி வெள்ளிக்கிழமை விமானம் ஏற முடியாது. தூத்துக்குடியில் கண்டுபிடித்தால், மனைவி மக்கள் வாசலில் காத்து நிற்க, கஸ்டம்ஸ் கொட்டகையிலிருந்தே அவரைக் கொண்டுபோவார்கள். கம்பளம் இன்னொருவருடையது என்று அவர் சொல்லலாம். நம்புவதற்கு ஆள் வேண்டும்.

கலீல் என்னிடம் மறைக்காத ஒன்றையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். பழனிச்சாமியைத் தேடிப் படியிறங்கும்போது அவருக்கு வேறோர் எண்ணமும் வந்தது. எத்தனையோ கம்பளங்கள் போகின்றன. யார் பிரித்துப் பார்க்கிறார்கள். பேசாமல் இருந்துவிட்டால் என்ன? இரண்டாம் மாடியில் நின்று அதை யோசித்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் இறங்கினார்.

இருநூறு பைசா மிச்சம் பிடிக்க முத்ராவுக்கு நடப்பவர், அன்று இரண்டு ரியால் பேசி ஒரு டாக்சியைத் தனியாக அமர்த்திக்கொண்டு வாதி கபீரில் பழனிச்சாமி தங்கியிருந்த தொழிலாளர் கேம்புக்குப் போனார்.

ஊருக்குப் போவதற்கு முன் நரை மறையத் தலைக்கு மை போட்டுக்கொள்வது கேம்பில் எல்லோரும் செய்வது. பழனிச்சாமி தலையிலும் மீசையிலும் கறுப்பு மையை அப்பிக்கொண்டு, மேல்சட்டை இல்லாமல், காய்வதற்காக முற்றத்தில் ஒரு பெயின்ட் டின் மேல் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க பாய். என்ன இந்த வெயில்ல வந்து நிக்கிறீக? வழியனுப்ப வெள்ளிக்கெழம வந்தாப் போதும்ல.”

“பழனிச்சாமி, கார்கோல எங்க வூட்டுக் கம்பளம் இருக்குல்ல.”

“இருக்கு. அதத் தூக்கித்தான் இடுப்புப் புடிச்சிருச்சு.”

“அதுக்குள்ள ஒரு துப்பாக்கி இருக்கு.”

பழனிச்சாமி சிரித்தார். “பதினோரு வருசம் சிமெண்டு மூட தூக்கிருக்கேன். துப்பாக்கி ஒண்ணுதான் பாய் கொறச்ச.” கலீல் சிரிக்காததைக் கண்டு அவர் சிரிப்பு மெதுவாக நின்றது. “செவுத்துல மாட்டிருப்பீகளே, அதுவா?”

“அது மாதிரி. எனக்குத் தெரியாம நஜீஹா ஏத்திட்டா. அவளுக்கும் தெரியாது.”

“மாட்டுனா நாந்தான?”

“நீதான்.”

“நீங்க வந்து சொல்லாட்டி எனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

பழனிச்சாமி எழுந்தார். நெற்றியில் மை வழிந்தது. அதைத் துடைக்காமல் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து அதன் மேல் துண்டைச் சுற்றினார். சட்டையைப் போட்டார். பாஸ்போர்ட்டையும் கார்கோ ரசீதையும் எடுத்தார்.  டாக்சியில் ஏறிய பிறகு, “எம்மவளுக்கு வைகாசில கல்யாணம் வச்சிருக்கேன் பாய்” என்றார்.   

கார்கோ கிடங்கு அதே வட்டாரத்தில் ஒரு தகரக் கொட்டகை. மணி இரண்டரை. கண்டெய்னர் கதவு திறந்தே இருந்தது. உள்ளே பாதிக்கு மேல் அடுக்கிவிட்டார்கள். கணக்கு மேசையில் நாகர்கோவில்காரர் ஜெயசீலன் இருந்தார்.

“அதொண்ணும் இப்பம் முடியாது” என்றார் ரசீதைப் பார்த்து. “ஒரு பாஸ்போர்ட்டு, ஒரு பில்லு, அஞ்சு பீஸு. லிஸ்டு டைப் பண்ணிப் போர்ட்டுக்குப் போயாச்சு. ஒரு பீஸ மட்டும் உருவுனா எண்ணிக்க தப்பும். போர்ட்டுல மொத்தத்தயும் பிரிச்சுப் போட்டுருவான்.”

பிரித்துப் போடுவான் என்ற சொல்லைக் கேட்டதும் கலீல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“எந்த பீஸு வேணும் ஒங்களுக்கு? கம்பளமா? பத்தொம்பது கிலோ போட்டிருக்கு. நான் அப்பமே நெனச்சேன். ஆறுக்கு ஒம்பது கம்பளம் பதினாலு கிலோதான் வரும். உள்ள என்ன ஓய், ஈயம் வச்சா நெய்திருக்கு?”

அந்த ஐந்து கிலோவை ஜெயசீலன் விளையாட்டாகச் சொன்னாரா, தெரிந்துகொண்டு சொன்னாரா என்பது கலீலுக்கு இன்றுவரை விளங்கவில்லை. பதில் சொன்னவர் பழனிச்சாமி.

“அண்ணே, அது என் மச்சினன் வீட்டுக்குப் போட்டது. இன்னைக்குக் காலைல போன்ல சண்ட. அந்தக் கம்பளம் அவன் வீட்டு வாசல மிதிக்கக் கூடாது. உருவ முடியாதுன்னா பில்லோட அஞ்சையும் கேன்சல் பண்ணுங்க.”

“அஞ்சயுமா? நீரு வெள்ளிக்கெழம போறீரு. அடுத்த கண்டெய்னர் பதினஞ்சு நாள் கழிச்சாக்கும். வெறுங்கையோட எறங்குவீரா?”

“கேன்சல் பண்ணுங்க.”

“கட்டுன காசுல பாதிதான் திரும்ப வரும்.”

“சரி.”

கலீல் அவர் கையைப் பிடித்தார். பழனிச்சாமி மெதுவாக விடுவித்துக்கொண்டு ரசீதின் பின்புறம் கையெழுத்துப் போட்டார். அந்த நான்கு பெட்டிகளில் இருந்தவை: மகளின் கல்யாணத்துக்கு எடுத்த சேலைகள், ஒரு தையல் மெஷின், போர்வைகள், ஒரு மிக்சி, பால்மாவு, சென்ட் பாட்டில்கள். பட்டியல் ரசீதிலேயே இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன்.

கண்டெய்னரிலிருந்து ஐந்தையும் இறக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. நான்கு பெட்டிகளும் அடுத்த கண்டெய்னருக்காகக் கிடங்கிலேயே நின்றன. கம்பளத்தை மட்டும் ஆளுக்கு ஒரு முனையாகத் தோளில் வைத்துக்கொண்டு இருவரும் வாசலுக்கு வந்தார்கள்.

கேட்டில் ஒரு போலீஸ்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வரும்போது அவர் அங்கே இல்லை. கையைக் காட்டி நிறுத்தினார். எழுந்து வந்து உருளையை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினார். நடுவில் ஒரு முறை. கலீல் பிடித்திருந்த முனைக்கு அருகே ஒரு முறை. பிளாஸ்டிக் உறைக்குள், விரல் படும் தூரத்தில், வெள்ளி வளையம் இட்ட குழல் இருந்தது.  கலீல் அப்போது நினைத்தது மகளுடைய பள்ளி வேன் ஒன்றே முக்காலுக்கே வந்திருக்கும், அவள் சாப்பிட்டிருப்பாள் என்பதைத்தான். ஏன் அதை நினைத்தார் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

“கார்ப்பெட், கார்ப்பெட்” என்றார் பழனிச்சாமி. வெயிலில் துண்டுக்கு அடியிலிருந்து மை இறங்கி, இரு காதுகளின் வழியாகவும் கழுத்து வரை கோடு போட்டிருந்தது. போலீஸ்காரர் கம்பளத்தை விட்டு அந்தக் கோட்டைப் பார்த்தார். துண்டைத் தூக்கச் சொன்னார். பழனிச்சாமி தூக்கினார். பிளாஸ்டிக் பையையும் அதன் அடியில் பிசுபிசுத்த தலையையும் கண்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஷாதி?” கல்யாணமா என்று கேட்டார், தமக்குத் தெரிந்த இந்தியில்.

“ஷாதி, ஷாதி. பேட்டி கா ஷாதி.” மகளுக்குக் கல்யாணம் என்றார் பழனிச்சாமி.

“யல்லா, யல்லா” என்று போகச் சொல்லிக் கையை வீசினார்.

வீட்டில் நஜீஹா ஹாலின் தரையில் கம்பளத்தைத் தாமே பிரித்தார். வெளிவந்ததைப் பார்த்துவிட்டு, “நல்ல வேலைப்பாடு” என்றார்.  கலீலுக்கு அது திட்டியதைவிடக் கொடுமையாக இருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை மதிய இடைவேளையில் நான்கு துப்பாக்கிகளையும் பலூச்சிக் கிழவரிடமே கொண்டுபோனார். பலூச்சி மூன்றைப் பார்த்துத் தலையாட்டினார். நான்காவதன் வாயில் கம்பியை விட்டார். எடுத்து வெளியே வைத்து அளந்தார். கம்பி நாலு விரற்கடை குறைந்தது. மறுபடியும் விட்டார். மறுபடியும் நாலு விரற்கடை.

“பரா ஹுவா ஹை, பாய்” என்றார். நிரம்பியிருக்கிறது, மருந்தும் குண்டும் உள்ளேயே இருக்கின்றன, யாரோ இடித்து வைத்துவிட்டுச் சுடாமல் விட்டது. “கித்னா சால் கர் மே ரக்கா?” எத்தனை வருடம் வீட்டில் வைத்திருந்தாய்?

கலீல் இரண்டு விரல்களைக் காட்டினார். அலமாரியின் மறுபக்கம் மகளின் கட்டில் என்பதை அவர் சொல்லவில்லை. மருந்து நிறைந்த துப்பாக்கி இன்னொருவன் பாஸ்போர்ட்டில் கடல் கடக்க இருந்தது என்பதையும் சொல்லவில்லை. கிழவர் துப்பாக்கியின் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி, ஈரத்துணியை அடைத்து, ஓரமாகச் சாய்த்தார். நான்குக்கும் சேர்த்து நூற்றிருபது ரியால் கொடுத்தார். கலீல் பேரம் பேசவில்லை. அதில் கார்கோவுக்கு மறுபடி கட்ட வேண்டியதை அன்று மாலையே ஜெயசீலனிடம் கட்டினார். மீதியை ஓர் உறையில் போட்டார்.

வெள்ளிக்கிழமை விமான நிலையத்துக்கு நஜீஹாவும் போனார். பழனிச்சாமியின் தலையும் மீசையும் கன்னங்கரேலென்று இருந்தன. காதோரம் ஒரு கறை போகவே இல்லை. கையில் ஒரே ஒரு பை. கலீல் உறையை நீட்டினார்.

“என்ன பாய் இது, துப்பாக்கி லைசென்சா?”

“மவ கல்யாணத்துக்கு வச்சுக்க.”

பழனிச்சாமி உறையை வாங்கினார். பிரித்துப் பார்க்கவில்லை. நஜீஹா முன்னால் வந்து, “அண்ணே, நாந்தான் ஏத்திவுட்டேன். பொறுத்துக்கோங்க” என்றார்.

“விடும்மா. எம்பொண்டாட்டிதான் கேப்பா, இத்தன வருசத்துக்கு இந்த ஒரு பையான்னு. பொட்டி கப்பல்ல வருதுன்னு சொன்னா நம்ப மாட்டா.” கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். “பாய், மாடிப்படில ரொம்ப நேரம் நின்னீகளா?”

கலீல் திடுக்கிட்டார். படியில் நின்றதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. “எப்படித் தெரியும்?”

“நானா இருந்தா நின்னுருப்பேன்.”

பெட்டிகள் நான்கும் மே மாதம் முதல் வாரத்தில் தூத்துக்குடி சேர்ந்தன. கஸ்டம்ஸில் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தார்கள். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. சிவப்புக் கம்பளம் இப்போதும் ரூவி வீட்டின் ஹாலில் விரிந்து கிடக்கிறது. நஜீஹா அதைச் சுருட்ட விடுவதில்லை. சுவரில் மூன்று ஆணிகள் இருக்கின்றன. துப்பாக்கிக் குழலில் மருந்து இருந்ததைக் கலீல் பழனிச்சாமிக்கு இதுவரை சொல்லவில்லை. இந்தக் குறிப்பு அச்சாகும்போது ஒரு பிரதி பரமக்குடிக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டவர் கலீலே.

பழனிச்சாமி மஸ்கட்டில் வேலை பார்த்தது பதினொரு ஆண்டுகள், இரண்டு மாதங்கள்.